இரண்டு இணைய லைன், ஒரு ரூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு அலுவலகம், கடை, கிளினிக், ஆட்கள் அதிகமுள்ள வீடு போன்ற இடங்களில் இரண்டு இணைய இணைப்புகளை ஒரே ரூட்டரில் சேர்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் லைன் ஃபைபர். இரண்டாவது இன்னொரு நிறுவனத்தின் ஃபைபர் அல்லது 4ஜி, 5ஜி சிம் என்று வைத்துக்கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. விரிவான படிகள் மைக்ரோடிக் ரூட்டர்களின் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் 7-க்கு. மற்ற ரூட்டர்களில் அதே வேலை எந்தப் பெயரில் இருக்கும் என்பது ஆங்காங்கே உண்டு.

1. ஃபெயில்ஓவர், லோட் பேலன்ஸிங் ரெண்டும் ஒண்ணுதானே? எனக்கு எது வேணும்?

இல்லை. ஃபெயில்ஓவரில் ஒரு லைன் வேலை பார்க்கும், மற்றது சும்மா காத்திருக்கும். முதலாவது போனால் இரண்டாவது அந்த இடத்துக்கு வரும். லோட் பேலன்ஸிங்கில் இரண்டு லைனும் எந்நேரமும் வேலை பார்க்கும். ரூட்டர் இணைப்புகளைப் பிரித்துப் பிரித்து அனுப்பும்.

இரண்டாவது லைன் டேட்டா அளவுள்ள சிம் என்றால் ஃபெயில்ஓவர் மட்டும் போதும். இரண்டுமே ஃபைபர், ஒரே நேரத்தில் பத்திருபது பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால் லோட் பேலன்ஸிங்கால் பலன் உண்டு. அப்போதும் முதலில் ஃபெயில்ஓவரை மட்டும் அமைத்து, ஓரிரு வாரம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். லோட் பேலன்ஸிங் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அடியில் ஃபெயில்ஓவர் சரியாக அமையாததால் வருவதே.

2. 100 எம்பிபிஎஸ் லைன் ரெண்டு போட்டா 200 வருமா?

ஒரே ஒரு டவுன்லோடுக்கு வராது. ரூட்டர் பிரிப்பது இணைப்புகளை. ஒரு இணைப்பு தொடங்கிய லைனிலேயே முடிய வேண்டும். ஒரு பெரிய கோப்பை ஒரே இணைப்பில் இறக்கினால் 100-தான் மேல் எல்லை. பல இணைப்புகளைத் திறக்கும் டவுன்லோட் மேனேஜர், டாரன்ட், பல பேர் சேர்ந்து பார்க்கும் வீடியோ ஆகியவற்றில் மொத்தம் 200-ஐ நெருங்கும். ஸ்பீட் டெஸ்ட் தளங்கள் பல இணைப்புகளைத் திறந்து அளப்பதால் சில நேரம் அங்கே கூட்டுத்தொகை தெரியும். அதைப் பார்த்து எல்லாமே இரட்டிப்பாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை, அதாவது சிறு தரவுத் துண்டுகளை, மாற்றி மாற்றி இரண்டு லைனிலும் அனுப்பினால் என்ன என்று கேட்பார்கள். இரண்டு லைனுக்கும் வெளி ஐபி முகவரி வேறு வேறு. பாதி பாக்கெட் அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வந்தால் மறுமுனை சர்வர் அதை ஏற்காது. இதைத் தாண்ட உள்ள வழி 20-ஆம் கேள்வியில்.

3. நெட் கம்பெனி கொடுத்த மோடத்திலேயே இதைச் செய்ய முடியாதா?

பெரும்பாலும் முடியாது. அதில் ஃபைபருக்கு ஒரே ஒரு வேன் (WAN, வெளி இணையம் நுழையும் வாசல்) தான் இருக்கும். இன்னொரு நிறுவனத்தின் லைனை ஏற்கும் வசதியைத் தரமாட்டார்கள். தனி ரூட்டர் வேண்டும். சிறு அலுவலகத்துக்கு மைக்ரோடிக் ஹெக்ஸ், டிபி-லிங்க் இஆர்605 போன்றவை போதும். பழைய கணினி ஒன்றும் இரண்டு மூன்று நெட்வொர்க் கார்டும் இருந்தால் பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் என்ற ரூட்டர் மென்பொருளைப் போடலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஏறும் ரூட்டர் கையில் இருந்தால் எம்வேன்3 என்ற பொதி இதே வேலையைச் செய்யும்.

வாங்கும்போது போர்ட் ஜிகாபிட்டா என்று மட்டும் பார்க்காதீர்கள். லோட் பேலன்ஸிங் போட்டதும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசஸர் பார்த்தாக வேண்டும். சிறிய பெட்டிகள் அப்போது சில நூறு எம்பிபிஎஸ்-ஸிலேயே திணறும். இரண்டு லைனும் சேர்ந்து 500-க்கு மேல் போகுமானால் ஒரு படி பெரியதாக எடுங்கள்.

4. ரெண்டாவது லைன் எதை எடுக்கிறது?

முதல் லைனோடு சேர்ந்து சாகாததை எடுக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே ஈபி போஸ்ட் வழியாகத் தெருவுக்குள் வருவது நம் ஊர்களில் சாதாரணம். உயரமாக லோடு ஏற்றிய ஒரு லாரி போதும், இரண்டும் ஒன்றாகப் போய்விடும். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் மரங்களும் போஸ்ட்டுகளும் சாய்ந்தபோது, தலைக்கு மேல் போகும் கேபிளை நம்பியிருந்த தெருக்களில் எந்த நிறுவனத்தின் லைன் என்பதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

லைன்மேனிடம் நேராகக் கேளுங்கள்: எந்த வழியாக வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது? உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் ஒருவரே இரண்டு பெரிய நிறுவனங்களின் லைனையும் ஒரே இடத்திலிருந்து கொடுப்பதும் உண்டு. பாதை வேறாக இல்லை என்றால், இரண்டாவது ஃபைபரைவிட 4ஜி அல்லது 5ஜி சிம் மெதுவாக இருந்தாலும் நல்ல காப்பு.

5. ரெண்டு மோடத்தையும் ரூட்டர்ல சொருகினதும் எதுவுமே வேலை செய்யல. தனித்தனியா போட்டா நல்லாத்தான் இருக்கு.

இரண்டு மோடமும் 192.168.1.1 என்ற அதே முகவரியில் இருக்கும். ரூட்டரின் இரண்டு பக்கமும் ஒரே நெட்வொர்க், ஒரே கேட்வே (வெளியே போகும் வாசல்). எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. ஒரு மோடத்தின் லேன் (உள் பக்க) முகவரியை 192.168.2.1 என்று மாற்றுங்கள். உங்கள் ரூட்டரின் உள் நெட்வொர்க் இரண்டிலும் சேராமல் 192.168.10.0/24 போல இருக்கட்டும்.

இதைவிட நல்லது மோடத்தை வெறும் கடத்தியாக வைக்கும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, லைனில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரூட்டரிலேயே போடுவது. உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நேட் ஒரு முறைதான் நடக்கும். லைன் அறுந்தால் பிபிபிஓஇ அமர்வே விழுந்துவிடுவதால் ரூட்டருக்கும் சீக்கிரம் தெரியும். பிரிட்ஜ் மோடுக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதே லைனில் வாய்ஸ் போன் இருந்தால் அது நின்றுபோகாதா என்பதையும் அவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

6. ஃபைபர் கட் ஆகி மோடத்துல சிவப்பு லைட் எரியுது. ஆனா ரூட்டர் ரெண்டாவது லைனுக்கு மாறவே இல்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதானால் இதைப் படியுங்கள். ரூட்டர் பார்ப்பது தன்னிடமிருந்து மோடம் வரை உள்ள ஒரு மீட்டர் கேபிளை. ஃபைபர் அறுந்தாலும் அந்தக் கேபிள் நன்றாக இருக்கிறது, போர்ட் விளக்கு எரிகிறது, 192.168.1.1-க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பினால் மோடம் பதில் சொல்கிறது. ரூட்டரைப் பொறுத்தவரை லைன் உயிரோடு இருக்கிறது. மோடத்துக்கு அப்பால் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

நெட் நிறுவனத்தின் கேட்வேயை பிங் செய்வதும் போதாது. ஃபைபர் சரியாக இருந்து, நிறுவனத்தின் மேல் லைன் போயிருந்தால் கேட்வே பதில் சொல்லும், இணையம் இருக்காது. ஆகவே இணையத்தில் தொலைவில் உள்ள ஒரு முகவரியை, அந்தக் குறிப்பிட்ட லைன் வழியாக மட்டுமே போகும்படி கட்டி, அதைத்தான் சோதிக்க வேண்டும். அடுத்த மூன்று பதில்களும் இதை ஒட்டியவை.

7. சரி, மைக்ரோடிக்கில் அதை எப்படிப் போடுவது?

இதற்கு ரிகர்சிவ் ரூட் என்று பெயர். முதலில் மோடத்திடமிருந்து தானாக முகவரி வாங்கும் டிஹெச்சிபி கிளையன்ட், பிபிபிஓஇ இரண்டிலும் ஆட் டிஃபால்ட் ரூட் என்பதை அணைத்துவிடுங்கள். அது தானாகப் போடும் வழி நாம் போடுவதைக் கெடுக்கும். பிறகு ஐபி, ரூட்ஸ் பக்கத்தில் சோதனை முகவரிகளை லைனோடு கட்டுங்கள்: 8.8.4.4/32, 9.9.9.9/32 இரண்டுக்கும் கேட்வே முதல் லைன், 208.67.220.220/32-க்கு கேட்வே இரண்டாவது லைன். மூன்றிலும் ஸ்கோப் 10. பிபிபிஓஇ என்றால் கேட்வே இடத்தில் அந்த இன்டர்ஃபேஸின் பெயரையே கொடுக்கலாம்.

அடுத்து 0.0.0.0/0-க்கு, அதாவது இணையத்தில் எங்கே போவதற்கும், மூன்று வழிகள்; டிஸ்டன்ஸ் எண் சிறியதற்கே முன்னுரிமை. கேட்வே 8.8.4.4, டிஸ்டன்ஸ் 1; கேட்வே 9.9.9.9, டிஸ்டன்ஸ் 2, கேட்வே 208.67.220.220, டிஸ்டன்ஸ் 3. மூன்றிலும் டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங். முதல் இரண்டும் ஒரே லைனில் போகின்றன. அதனால் ஒரு சோதனை முகவரி மட்டும் பதில் சொல்லாமல் போனால் லைன் மாறாது; இரண்டும் போனால்தான் மாறும். இந்தச் சோதனை முகவரிகள் எல்லாம் பொது டிஎன்எஸ் சர்வர்கள், அதாவது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருபவை. அவை பிங்குக்கு எப்போதும் பதில் சொல்வோம் என்று யாருக்கும் உறுதி தரவில்லை என்பதால் இந்த இரட்டைக் காவல் வேண்டும். ஃபயர்வால், நேட் பக்கத்தில் இரண்டு வேன் இன்டர்ஃபேஸுக்கும் தனித்தனி மாஸ்கரேட் (நேட் செய்யும்) விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இது இல்லாமல், லைன் மாறியும் இணையம் வராமல் நிற்பவர்கள் நிறைய.

மைக்ரோடிக் 10 நொடிக்கு ஒரு முறை சோதிக்கும். இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த வழியை விலக்கும். ஆக, லைன் மாற 20 முதல் 30 நொடி ஆகும். மோடம் தரும் கேட்வே முகவரி அடிக்கடி மாறும் லைன் என்றால், டிஹெச்சிபி கிளையன்ட்டின் ஸ்கிரிப்ட் பகுதியில் புதிய கேட்வேயை 8.8.4.4, 9.9.9.9 வழிகளில் எழுதும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைக்க வேண்டும்.

8. எங்கிட்ட மைக்ரோடிக் இல்லை. மற்ற ரூட்டர்ல?

டிபி-லிங்க் இஆர்605-இல் ஆன்லைன் டிடெக்‌ஷன் என்ற பக்கம் உண்டு. அதை மேனுவலுக்கு மாற்றி, ஒவ்வொரு வேனுக்கும் வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள். ஆல்வேஸ் ஆன்லைன் என்று விட்டுவிட்டால் ஃபெயில்ஓவர் ஒருநாளும் நடக்காது. எது காப்பு லைன் என்பதை லிங்க் பேக்கப் பக்கத்தில் சொல்ல வேண்டும்.

பிஎஃப்சென்ஸில் ஒவ்வொரு கேட்வேக்கும் மானிட்டர் ஐபி கொடுத்து, கேட்வே குரூப்பில் முதல் லைனை டியர் 1, இரண்டாவதை டியர் 2 ஆக்குங்கள். இரண்டையும் டியர் 1-இல் வைத்தால் லோட் பேலன்ஸிங். ஓப்பன்டபிள்யூஆர்டி எம்வேன்3-இல் ஒவ்வொரு வேனுக்கும் மெட்ரிக் எண் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். எம்வேன்3 வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

9. லைன் மாறிடுது, வாட்ஸ்அப் கூட வருது, ஆனா எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது.

டிஎன்எஸ் தான். இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். 8.8.8.8-ஐச் சோதனை முகவரியாகப் போட்டு, எல்லாக் கணினிகளுக்கும் டிஎன்எஸ் ஆகவும் அதையே கொடுத்திருப்பீர்கள். அந்த முகவரி முதல் லைனோடு கட்டப்பட்டது. லைன் செத்தால் டிஎன்எஸ்ஸும் சேர்ந்து சாகும். ஏழாவது பதிலில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் தொடாமல் விட்டது இதனால்தான். அவற்றை டிஎன்எஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம், முதல் நிறுவனம் தானாகக் கொடுத்த டிஎன்எஸ் சர்வர். பல நிறுவனங்களின் டிஎன்எஸ் தங்கள் வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்குப் பதில் சொல்லாது. பிபிபிஓஇ, டிஹெச்சிபி இரண்டிலும் யூஸ் பியர் டிஎன்எஸ் என்பதை அணைத்து, ரூட்டரிலேயே பொது டிஎன்எஸ் இரண்டை எழுதிவிடுங்கள்.

10. லைன் முழுசா போகலை, ஆனா அரைகுறையா இருக்கு. வீடியோ கால் உடையுது, ரூட்டர் மாறமாட்டேங்குது.

ஐந்து பாக்கெட்டில் ஒன்று தொலைந்தாலும் பிங் சோதனை பெரும்பாலும் தேறிவிடும். இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும் ரூட்டரால் இதைப் பிடிக்க முடியாது. பிஎஃப்சென்ஸ் இதில் நன்றாக இருக்கும்: அரை நொடிக்கு ஒரு முறை சோதித்து, கடந்த 60 நொடியின் சராசரியைப் பார்க்கிறது. கேட்வே குரூப்பின் டிரிகர் லெவலை பாக்கெட் லாஸ் ஆர் ஹை லேட்டன்ஸி என்று வைத்தால், தானாக உள்ள எல்லையான 20 சதவீத இழப்பு அல்லது 500 மில்லிநொடி தாமதத்தைத் தாண்டியதும் மாறும்.

எல்லையை ரொம்ப இறுக்கினால் வேறு தொல்லை. லைன் கொஞ்சம் தடுமாறியதும் மாறும், உடனே திரும்பும், மறுபடி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் கால் அறும். அதனால் விலகுவது சீக்கிரமாகவும் திரும்புவது மெதுவாகவும் இருக்க வேண்டும். எம்வேன்3-இல் டவுன் 3, அப் 8 என்று வைத்தால் மூன்று தோல்வியில் விலகும், தொடர்ந்து எட்டு வெற்றி வந்தால்தான் திரும்பும். அரைகுறை லைனுக்கு உண்மையான மருந்து வேறு: மோடத்தின் நிலைப் பக்கத்தில் ஒளி அளவைப் பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம் பக்கம் போயிருந்தால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

11. லோட் பேலன்ஸிங் போடணும். ஒண்ணு 100, இன்னொண்ணு 50. எப்படிப் பிரிக்கிறது?

2:1 என்ற விகிதத்தில். மைக்ரோடிக்கில் இதற்கு பிசிசி என்ற முறை. ஒவ்வொரு புதிய இணைப்பின் முகவரிகளையும் ஒரு கணக்கில் போட்டு மூன்றால் வகுத்து, மீதி 0 அல்லது 1 வந்தால் முதல் லைன், 2 வந்தால் இரண்டாவது லைன்.

ரூட்டிங், டேபிள்ஸ் பக்கத்தில் வழி1, வழி2 என்று இரண்டு டேபிள் உருவாக்கி எஃப்ஐபி-யை டிக் செய்யுங்கள். வழி1-இல் 0.0.0.0/0 முதல் லைனுக்கு டிஸ்டன்ஸ் 1, இரண்டாவது லைனுக்கு டிஸ்டன்ஸ் 2. வழி2-இல் இதன் தலைகீழ். கேட்வேயாக ஏழாவது பதிலின் சோதனை முகவரிகளையே, அதே டார்கெட் ஸ்கோப், செக் கேட்வேயோடு கொடுங்கள்.

பிறகு, ஃபயர்வாலில் பாக்கெட்டுகளுக்குக் குறியிடும் மேங்கிள் பக்கம், பிரீரூட்டிங் செயின். வரிசை முக்கியம். முதல் விதி, லேனிலிருந்து கிளம்பி உங்கள் சொந்த உள் நெட்வொர்க்குகளுக்கும் மோடங்களின் பக்கத்துக்கும் போகும் எதையும் அக்செப்ட் செய்வது. இல்லாவிட்டால் பிரின்டருக்குப் போக வேண்டியது வெளியே போகும். அடுத்து, வேன்1 வழியாக உள்ளே வரும், இன்னும் குறியிடப்படாத இணைப்புக்கு இணை1 என்ற குறி, வேன்2-க்கு இணை2. அடுத்து, லேனிலிருந்து வரும், குறியில்லாத, டெஸ்டினேஷன் லோக்கல் அல்லாத இணைப்புகளுக்கு போத் அட்ரஸஸ் (அனுப்புபவர், பெறுபவர் இரு முகவரிகளும்) 3/0, 3/1 இரண்டுக்கும் இணை1, 3/2-க்கு இணை2. கடைசியாக லேனிலிருந்து வரும் இணை1 குறிக்கு வழி1, இணை2 குறிக்கு வழி2 என்று மார்க் ரூட்டிங். ரூட்டரே அனுப்பும் பதில்களுக்காக அவுட்புட் செயினிலும் இதே கடைசி இரண்டு விதிகள் வேண்டும்.

12. எல்லா விதியும் போட்டாச்சு. ஆனா டிராஃபிக் ஏறக்குறைய முழுக்க ஒரே லைன்ல போகுது.

ஃபாஸ்ட்டிராக். மைக்ரோடிக்கின் தொடக்க அமைப்பில், ஃபயர்வால் ஃபில்டரின் ஃபார்வர்ட் செயினில் அது இருக்கும். நிலைபெற்ற இணைப்புகளின் பாக்கெட்டுகளை அது மேங்கிளைத் தாண்டிக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். உங்கள் குறிகள் பார்க்கப்படுவதே இல்லை. அந்த விதியை டிசேபிள் செய்யுங்கள். வேகம் குறையும், மூன்றாவது பதிலில் பிராசஸரைப் பற்றிச் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

அப்படியும் சரியாகாவிட்டால் ஐபி, செட்டிங்ஸில் ஆர்பி-ஃபில்டர் ஸ்ட்ரிக்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு லைன் உள்ள இடத்தில் அது லூஸ் அல்லது நோ ஆக இருக்க வேண்டும்.

13. லோட் பேலன்ஸிங் போட்டதிலிருந்து நெட்பேங்கிங் பாதியிலேயே வெளியே தள்ளுது.

நுழைந்தபோது ஒரு ஐபி, அடுத்த பக்கத்தில் வேறு ஐபி என்றால் சில வங்கி, அரசுத் தளங்கள் பாதுகாப்புக்காக அமர்வை முடித்துவிடும். பிசிசி-யில் போர்ட்டுகளையும் சேர்த்துப் பிரிப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். போத் அட்ரஸஸ் என்றால் ஒரு கணினியிலிருந்து ஒரு சர்வருக்குப் போகும் எல்லாம் ஒரே லைனில் போகும், வெகுவாகக் குறையும். ஆனால் உள்நுழைவுக்கு ஒரு சர்வர், பணம் செலுத்த இன்னொரு சர்வர் என்று இருக்கும் தளங்களில் அப்போதும் உதைக்கலாம்.

முழுத் தீர்வு, சோர்ஸ் அட்ரஸ் (அனுப்பும் கணினியின் முகவரி) மட்டும் வைத்துப் பிரிப்பது. ஒரு கணினி எப்போதும் ஒரே லைனில்தான் போகும். இருபது பேர் உள்ள இடத்தில் இது போதுமான அளவு சமமாகவே பிரியும். அலுவலகங்களுக்கு நாங்கள் சொல்வது இதையே. நான்கு பேர் உள்ள வீட்டில் சமமாகப் பிரியாது. அங்கே போத் அட்ரஸஸ் வைத்து, கணக்குப் பிரிவுக் கணினியை மட்டும் ஒரு விதி எழுதி முதல் லைனோடு கட்டிவிடலாம். டிபி-லிங்கில் அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரூட்டிங் என்ற பெட்டியை டிக் செய்வது போத் அட்ரஸஸுக்கு ஒத்த வேலை.

14. லைன் மாறினதும் எல்லாம் வருது, ஐபி போன் மட்டும் அரை மணி நேரமானாலும் வரலை. ரீஸ்டார்ட் பண்ணினா வருது.

ரூட்டரின் நினைவில் பழைய இணைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன் முதல் லைன் வழியாகப் பதிவு செய்தபோது, இந்த இணைப்புக்கு முதல் லைனின் ஐபி என்று நேட் எழுதி வைத்தது. லைன் மாறிய பிறகும் அதே இணைப்பின் பாக்கெட்டுகள் பழைய ஐபியைச் சுமந்துகொண்டு இரண்டாவது லைனில் வெளியேறும். தன்னுடையதல்லாத முகவரி என்று அந்த நிறுவனம் அவற்றைக் கொட்டிவிடும். ரூட்டர்ஓஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் யூடிபி (ஐபி போன் வழக்கமாகப் பயன்படுத்தும் இணைப்பு வகை) பதிவு 3 நிமிடம் சும்மா இருந்தால்தான் அழியும். போனோ அரை நிமிடத்துக்கு ஒரு முறை எதையாவது அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கிறது. வயர்கார்டு விபிஎன்னுக்கும் இதே கதி வரும்.

இன்டர்ஃபேஸே விழுந்தால் மாஸ்கரேட் தன் பழைய பதிவுகளைத் தானே துடைத்துவிடும். அதனால்தான் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தபோது போன் வருகிறது, உண்மையில் ஃபைபர் அறுந்த அன்று வருவதில்லை. தீர்வு: ஒரு முகவரியைக் கண்காணிக்கும் நெட்வாட்ச்சில் 8.8.4.4-ஐச் சேர்த்து, டவுன், அப் இரண்டு ஸ்கிரிப்ட்டிலும் சில நொடி பொறுத்துவிட்டு ஐபி போன் பயன்படுத்தும் 5060 போர்ட்டுக்குப் போகும் இணைப்புகளை ஃபயர்வால் கனெக்‌ஷன்ஸிலிருந்து நீக்கும்படி எழுதுங்கள். பிஎஃப்சென்ஸில் கேட்வே போனால் ஸ்டேட்டுகளைக் கொல்லும் தேர்வு அட்வான்ஸ்டு, மிசலேனியஸ் பக்கத்தில் உண்டு. எம்வேன்3-இல் அதன் பெயர் ஃப்ளஷ் கான்ட்ராக்.

நெட்வாட்ச் வைத்தால் இன்னொன்றும் வேண்டும். முதல் லைனின் பிபிபிஓஇ விழுந்ததும் 8.8.4.4/32 வழி மறைந்து, சோதனை பிங் இரண்டாவது லைன் வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். முதல் லைன் வந்துவிட்டது என்று ஸ்கிரிப்ட் ஏமாறும். அதே முகவரிக்கு டிஸ்டன்ஸ் 20-இல், வந்ததைக் கொட்டிவிடும் ஒரு பிளாக்ஹோல் வழி போட்டால் இந்தக் குழப்பம் இராது.

15. வெளியிலிருந்து சிசிடிவி பார்க்கிறோம். ரெண்டாவது லைன்ல போனா தெரியமாட்டேங்குது.

இரண்டாவது லைனின் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை தொடங்குகிறதா பாருங்கள். அந்த வரம்பு 2012-இல் சிஜி-நேட்டுக்காகவே ஒதுக்கப்பட்டது. உங்களுக்கெனத் தனி வெளி ஐபி இல்லை, பலரோடு பகிர்கிறீர்கள் என்று அர்த்தம். சிம் இணைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். ரூட்டரில் என்ன போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் அது உள்ளே வராது. நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். அல்லது உள்ளேயிருந்து வெளியே இணையும் வழிக்கு மாறலாம்: வெளியில் ஒரு சர்வருக்கு வயர்கார்டு, டெய்ல்ஸ்கேல், கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி. கேமராவின் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைப்பதைவிட விபிஎன் வழி எப்போதும் பாதுகாப்பானது.

வெளி ஐபி இருந்தும் வரவில்லை என்றால், கோரிக்கை இரண்டாவது லைனில் வந்து பதில் முதல் லைனில் போகிறது. 11-ஆம் பதிலில் வேன் வழியாக வரும் இணைப்புக்குக் குறியிட்ட விதிகள் இதைச் சரிசெய்யும். ஆனால் குறியைப் பார்த்து வழி காட்டும் விதி லேன் பக்கம் பொருந்தியிருக்க வேண்டும். கேமராக்கள் தனி விலேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) இருந்தால் அந்த இன்டர்ஃபேஸையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

16. ஐபிவி6 ஆன் பண்ணினா ஃபெயில்ஓவர் குழம்புது. விடலாமா, அணைக்கலாமா?

புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் ஒவ்வொரு நிறுவனமும் தன் முகவரித் தொகுதியைத் தருகிறது. அதை உங்கள் கணினிகள் நேராக வைத்துக்கொள்கின்றன. முதல் லைன் செத்த பிறகும் பழைய முகவரியோடு வெளியே போக முயன்று, தோற்று, பிறகு ஐபிவி4-க்கு வருவதால் தளங்கள் தாமதமாகத் திறக்கும். முகவரித் தொகுதியை ரூட்டரில் மாற்றி அனுப்பும் என்பிடிவி6 இதற்கான வழி. அது உங்கள் ரூட்டரில் இல்லை, ஐபிவி6 கட்டாயமாக வேண்டிய வேலையும் இல்லை என்றால், இரண்டு லைன் உள்ள சிறு அலுவலகத்தில் லேன் பக்கம் அணைத்து வைப்பது நியாயமான முடிவுதான்.

17. ஒரு லைன்ல மட்டும் சில சைட் பாதி திறந்து தொங்குது.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுதான் காரணம். பிபிபிஓஇ எட்டு பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492. மேங்கிளில் அந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போகும் டிசிபி சின் பாக்கெட்டுகளுக்கு சேஞ்ச் எம்எஸ்எஸ், கிளாம்ப் டு பிஎம்டியு போடுங்கள். இரண்டு லைனுக்கும் போடலாம், கெடுதல் இல்லை.

18. ஃபைபர் ஒரு நாள் போச்சு, சிம் டேட்டா மொத்தமும் காலி. எப்படித் தடுப்பது?

சோதனை பிங் குற்றவாளி அல்ல. 10 நொடிக்கு ஒன்று, போக வர 168 பைட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை எம்பி தான். தின்றது கிளவுட் பேக்கப், விண்டோஸ் அப்டேட், கேமரா பதிவேற்றம், கைபேசிகளில் ஓடும் வீடியோ. ஃபயர்வால் ஃபார்வர்ட் செயினில், அவுட் இன்டர்ஃபேஸ் சிம் லைன் என்று வைத்து, வேலைக்குத் தேவையான முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். பில்லிங் கணினி, யுபிஐ ஸ்பீக்கர், கார்டு மெஷின், ஐபி போன் முதலில். விருந்தினர் வைஃபையும் கேமராவும் சிம் வழியாக வெளியே போகவே கூடாது. இந்த விதிகள் ஃபைபர் இருக்கும்போது எதையும் தொடாது.

19. எல்லாம் அமைச்சாச்சு. சரியா வேலை செய்யுதான்னு எப்படிச் சோதிக்கிறது?

ரூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்குவது எளிதான சோதனை. அதில் எல்லா ரூட்டரும் தேறும். உண்மையான சோதனை, மோடத்திலிருந்து பச்சை முனை ஃபைபரைக் கழற்றுவது. முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், கழற்றியதும் தூசி மூடியைப் போடுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு கணினியில் 1.1.1.1-க்குத் தொடர் பிங், இன்னொன்றில் வீடியோ கால், பக்கத்தில் ஐபி போன். எத்தனை பிங் தவறியது, புதிய தளம் திறக்கிறதா, போன் பதிவாகிறதா என்று பாருங்கள். திரும்பச் சொருகி, முதல் லைனுக்குத் திரும்புவதையும் அதேபோல் பாருங்கள். திரும்பும்போது அறுந்துபோகும் கால்கள்தான் அதிகப் புகாரைக் கொண்டுவரும்.

கரண்ட் போகும் சோதனையையும் விடாதீர்கள். மெயினை அணைத்தால் இரண்டு மோடம், ரூட்டர், சுவிட்ச், வைஃபை பெட்டி ஐந்தும் எரிய வேண்டும். ஏதோ ஒரு சுவிட்ச் மட்டும் யுபிஎஸ்ஸில் இல்லாமல் இருப்பது அப்போதுதான் தெரியும். இவை சேர்ந்து 20 முதல் 25 வாட் எடுத்தால், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். முதல் லைன் போனால் நெட்வாட்ச் மூலம் ஒரு மின்னஞ்சலோ டெலிகிராம் செய்தியோ வரும்படி செய்யுங்கள். யாருக்கும் தெரியாமல் இரண்டாவது லைனிலேயே நாட்கள் ஓடி, அதுவும் போகும் அன்றுதான் கண்டுபிடிப்பது மிகவும் பரவலாக நடக்கிறது. அதேபோல் சும்மா இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

20. கால் அறாமலே லைன் மாறணும், வேகமும் கூடணும். அதுக்கு வழியே இல்லையா?

உண்டு. இரண்டாவது பதிலில் சொன்ன தடை, இரண்டு லைனுக்கும் வெளி ஐபி வேறு என்பது. வெளியே ஒரு சர்வரை வைத்து, இரண்டு லைன் வழியாகவும் அதற்குச் சுரங்கம் (மூடிய தனி இணைப்பு) போட்டு, அங்கிருந்து ஒரே ஐபியாக வெளியேறினால் தடை நீங்கும். ஸ்பீடிஃபை, ஓப்பன்எம்பிடிசிபிரூட்டர், பெப்லிங்கின் ஸ்பீட்ஃப்யூஷன் ஆகியவை இதைச் செய்கின்றன. ஒரு லைன் போனாலும் கால் நிற்காது, ஒரே டவுன்லோடும் இரண்டு லைனையும் பயன்படுத்தும்.

விலையும் உண்டு. எல்லா டிராஃபிக்கும் அந்த சர்வர் வழியாகப் போவதால் அதன் வேகமே உங்கள் வேகம். சென்னை, மும்பை போலப் பக்கத்தில் சர்வர் எடுக்காவிட்டால் தாமதம் தெரியும். டேட்டா சென்டர் ஐபியிலிருந்து வருபவர்களைச் சில ஓடிடி, வங்கித் தளங்கள் மறுக்கும். ஒரு லைன் வேகமாகவும் மற்றது தாமதம் அதிகமாகவும் இருந்தால், சேர்ப்பதால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யும். நேரலை ஒளிபரப்பு, கால் சென்டர் போன்ற வேலைகளுக்கு இந்தச் செலவு தகும். பில் போடும் கடைக்கு ஏழாவது பதிலின் 30 நொடி மாற்றமே போதும்.